ஸ்பானிஷ் எண்கள்: ஸ்பெயினில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ ஸ்பெயின் வருகிற பலர், கிளம்பும் முன்பே ஊனோ, தோஸ், த்ரெஸ் என்று பத்து வரை ஒப்பிக்கக் கற்றுக்கொண்டுதான் வருகிறார்கள். இங்கே இறங்கிய பிறகு அந்தப் பத்து எண்கள் டீ வாங்குவதற்குக்கூடப் பற்றாது. போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்து மடமடவென்று சொல்வார்கள். வாடகை நூறுகளில் வரும், பிறந்த வருடம் ஆயிரத்தில் தொடங்கும், கறிக்கடையில் எடை பின்னத்தில் வரும்.

எண்களை வரிசையாகச் சொல்வது வேறு, காதில் விழுந்தவுடன் தாளில் எழுதுவது வேறு. மாட்ரிட் வந்த புதிதில் நான் திணறியதெல்லாம் இரண்டாவதில்தான். அதனால் பாடப்புத்தக வரிசையை விட்டுவிட்டு, இங்கே வாழ்க்கை எந்த வரிசையில் கேட்கிறதோ அந்த வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில் உச்சரிப்பு, அதிலும் ந்த, ங்க

ஸ்பானிஷ் நம் நாக்குக்கு நல்ல தோது. த, ர, ல எல்லாம் ஏற்கெனவே பழகியவை. ஆனால் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு வழுக்கல் உண்டு. பந்து, சங்கு என்று எழுதினால் மெல்லினத்துக்குப் பின் வரும் த, க தானாக இளகிவிடும். ஸ்பானிஷில் ஐந்து, இருபது, முப்பதில் அப்படி இளகக்கூடாது. 'ஸிங்கோ' என்று நோட்டில் எழுதினால் வாய் அதைத் தப்பாகத்தான் படிக்கும். அதற்காகத்தான் கீழே ஸின்க்கோ, த்ரெய்ன்த்தா என்று கண்ணை உறுத்துகிற மாதிரி எழுதியிருக்கிறேன். 'ன்' சொல்லிவிட்டு, 'பத்து'வில் வருகிற த்தைப் போல அழுத்துங்கள்.

தோஸ், தோஸே இரண்டிலும் முதல் ஒலி தோசையில் வருகிற 'தோ'. தியெஸ் என்பதிலும் அதே இளகிய 'த'தான். பெய்ன்த்தே என்பதில் 'பஸ்' என்னும்போது வருகிற 'ப'.

அப்புறம், மாட்ரிட் பக்கம் ஸெரோ, ஸின்க்கோ, தியெஸ், ஸியென் போன்ற சொற்களில் வரும் 'ஸ'வை நாக்கு நுனியைப் பற்களுக்கு இடையே வைத்துக் காற்றாக விடுவார்கள். ஸெய்ஸ், ஸியெத்தே இவற்றில் அப்படி இல்லை, சாதாரண ஸ. கேனரித் தீவுகளிலும், அந்தலூசியாவின் பல பகுதிகளிலும், லத்தீன் அமெரிக்கா முழுவதும் எல்லாமே சாதாரண ஸதான். நீங்களும் அப்படியே சொல்லலாம், யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். காது மட்டும் இரண்டுக்கும் பழகட்டும்.

2. பத்துகளில் தொடங்குங்கள்

ஒன்றிலிருந்து தொடங்காமல் இவற்றை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்:

10 தியெஸ்
20 பெய்ன்த்தே
30 த்ரெய்ன்த்தா
40 குவாரென்த்தா
50 ஸின்க்குவென்த்தா
60 ஸெஸென்த்தா
70 ஸெத்தென்த்தா
80 ஓச்சென்த்தா
90 நொவென்த்தா

60, 70 இரண்டும்தான் எல்லாரையும் கவிழ்ப்பவை. வேகமாகச் சொன்னால் நடுவில் வரும் ஸெ, த்தெ இரண்டும் போன் இரைச்சலில் ஒன்றாகிவிடும். சந்தேகம் வந்தால் ஊகிக்காதீர்கள். "ஸெத்தென்த்தா, கோன் தே?" என்று கேளுங்கள், எழுபதா, 'த' எழுத்தோடா என்று அர்த்தம். ஸ்பானியர்களே போனில் இப்படித்தான் உறுதிசெய்துகொள்கிறார்கள், அதனால் கூச்சப்பட எதுவும் இல்லை.

3. ஒன்று முதல் இருபத்தொன்பது வரை

0 ஸெரோ, 1 ஊனோ, 2 தோஸ், 3 த்ரெஸ், 4 குவாத்ரோ, 5 ஸின்க்கோ, 6 ஸெய்ஸ், 7 ஸியெத்தே, 8 ஓச்சோ, 9 நுவேவே.

11 ஓன்ஸே, 12 தோஸே, 13 த்ரெஸே, 14 கத்தோர்ஸே, 15 கின்ஸே. இந்த ஐந்தையும் உருப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை. 16 முதல் பத்தும் ஆறும் என்ற கணக்குதான்: தியெஸிஸெய்ஸ், தியெஸிஸியெத்தே, தியெஸியோச்சோ, தியெஸினுவேவே.

இருபதுகள் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும்: பெய்ன்த்தியூனோ, பெய்ன்த்திதோஸ், பெய்ன்த்தித்ரெஸ். முப்பதுக்கு மேல் பிரிந்து நடுவில் 'இ' வரும்: த்ரெய்ன்த்தா இ ஊனோ, குவாரென்த்தா இ தோஸ். அந்த 'இ' பத்துக்கும் ஒற்றைக்கும் நடுவில் மட்டும்தான். 102 என்பது ஸியென்த்தோ தோஸ். அங்கே 'இ' சேர்த்தால் தப்பு.

குழம்பும் ஜோடிகள்: 2, 12 (தோஸ், தோஸே), 3, 13 (த்ரெஸ், த்ரெஸே), 14, 40 (கத்தோர்ஸே, குவாரென்த்தா). சொல்லும்போது கடைசி 'ஸே'யை விழுங்கிவிடாதீர்கள்.

4. போன் நம்பர்

புதிதாக வந்தவர்களுக்கு உண்மையான பரீட்சை இதுதான். ஸ்பெயினில் போன் எண் ஒன்பது இலக்கம். மொபைல் 6 அல்லது 7-ல் தொடங்கும், வீட்டு லைன் 9 அல்லது 8-ல். பெரும்பாலும் முதல் மூன்றை ஒரு நூறாகவோ தனித்தனியாகவோ சொல்லிவிட்டு, மீதி ஆறையும் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். 45 78 09 என்று முடியும் எண், "குவாரென்த்தா இ ஸின்க்கோ, ஸெத்தென்த்தா இ ஓச்சோ, ஸெரோ நுவேவே" என்று வரும்.

கேட்டு எழுதும்போது ஒரு தந்திரம்: 'ஸெத்தென்த்தா' என்று காதில் விழுந்தவுடன் 7 என்று எழுதிவிடுங்கள். முழுச் சொல்லும் முடியட்டும் என்று காத்திருந்தால் அடுத்த ஜோடி வந்து மேலே விழும். இந்த விஷயத்தில் ஸ்பானிஷ் தமிழைப் போலவே பத்தை முன்னால் சொல்கிறது, அதனால் கை தடுமாறாது.

முடியவில்லையா? "தே ஊனோ என் ஊனோ, போர் ஃபவோர்" என்றால் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். "மாஸ் தெஸ்பாஸியோ" என்றால் இன்னும் மெதுவாக. உங்கள் நம்பரை நீங்கள் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் சரிபார்க்கத் திருப்பிச் சொல்வது இரண்டிரண்டாகத்தான் இருக்கும். கவனிக்காமல் "ஸீ, ஸீ" என்று தலையாட்டினால் அப்பாய்ன்ட்மென்ட் குறுஞ்செய்தி வேறு யாருக்காவது போகும்.

5. நூறு, ஆயிரம், நம் லட்சம்

சரியாக நூறு என்றால் ஸியென். 101-லிருந்து ஸியென்த்தோ. 200 தோஸியென்த்தோஸ், 300 த்ரெஸியென்த்தோஸ், 400 குவாத்ரோஸியென்த்தோஸ், 600 ஸெய்ஸியென்த்தோஸ், 800 ஓச்சோஸியென்த்தோஸ். முறை தவறுபவை மூன்று: 500 கினியென்த்தோஸ், 700 ஸெத்தெஸியென்த்தோஸ், 900 நொவெஸியென்த்தோஸ். 'ஓச்சோ'வைப் போல நினைத்து 'நுவேவேஸியென்த்தோஸ்' என்று சொல்லிவிடுவோம், தப்பு.

ஆயிரம் மில். முன்னால் ஊன் சேர்க்க வேண்டாம். 2000 தோஸ் மில். ஒரு லட்சம் ஸியென் மில், ஒரு கோடி தியெஸ் மில்யோனெஸ். ஊரில் உள்ள வீட்டு மதிப்பையோ வங்கி இருப்பையோ விசா விண்ணப்பத்தில் விளக்க நேர்ந்தால் இந்த இரண்டும் தேவைப்படும். 'பில்யோன்' என்று வந்தால் ஜாக்கிரதை: ஸ்பானிஷில் அது லட்சம் கோடி. நூறு கோடிக்கு மில் மில்யோனெஸ் என்பார்கள்.

வருடத்தை இங்கிலீஷ் மாதிரி இரண்டாக உடைக்காதீர்கள். 1987 என்பது மில் நொவெஸியென்த்தோஸ் ஓச்சென்த்தா இ ஸியெத்தே. 2026 தோஸ் மில் பெய்ன்த்திஸெய்ஸ். "தியெஸினுவேவே, ஓச்சென்த்தா இ ஸியெத்தே" என்று பிறந்த வருடத்தைச் சொன்னால் கவுண்டரில் இருப்பவர் அதை ஏதோ வேறு எண் என்று எடுத்துக்கொள்வார்.

எண்ணுக்கு ஆண்பால், பெண்பாலும் உண்டு. யூரோ ஆண்பால், நம் ரூபாய் அங்கே பெண்பால். 200 யூரோ என்றால் தோஸியென்த்தோஸ் எவ்ரோஸ், 200 ரூபாய் என்றால் தோஸியென்த்தாஸ் ரூப்பியாஸ். 21 யூரோ பெய்ன்த்தியூன் எவ்ரோஸ். இதில் தவறினால் யாருக்கும் நஷ்டமில்லை, பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

நஷ்டம் தரக்கூடியது புள்ளியும் கமாவும். இங்கே 1.200 என்றால் ஆயிரத்து இருநூறு. 1,20 என்றால் ஒரு யூரோ இருபது சென்ட். வாடகை விளம்பரம், சம்பளச் சீட்டு, வங்கிப் பக்கம் எல்லாமே இப்படித்தான். வங்கிச் செயலியில் தொகை அடிக்கும்போது புள்ளி வைப்பதா கமா வைப்பதா என்று பார்த்துவிட்டு, உறுதிப்படுத்தும் திரையில் வரும் தொகையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

6. கடையிலும் சந்தையிலும்

விலை கேட்க "குவான்த்தோ எஸ்?" போதும். சந்தையில் தக்காளி இன்று என்ன விலைக்குப் போகிறது என்பதற்கு "ஆ குவான்த்தோ எஸ்த்தான்?" பதிலில் யூரோ, சென்ட் என்ற சொற்களே வராது. 12,40 என்றால் "தோஸே கோன் குவாரென்த்தா", இல்லாவிட்டால் வெறும் "தோஸே குவாரென்த்தா".

மீன், இறைச்சிக் கவுண்டர்களில் டோக்கன் எடுக்க வேண்டும். உங்கள் எண்ணைக் கூப்பிடும்போது கவனிக்கவில்லை என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். டோக்கன் கையில் வந்தவுடன் அந்த எண்ணை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல இலவசப் பயிற்சியும்கூட.

எடையில் மேதியோ கீலோ அரைக் கிலோ, குவார்த்தோ தே கீலோ கால் கிலோ, கீலோ இ மேதியோ ஒன்றரை. அடுத்தது பாடப்புத்தகத்தில் வராத ஒன்று: "குவார்த்தோ இ மித்தாத்". கால் கிலோவும் அதில் பாதியும், அதாவது 375 கிராம். நம் பாட்டிகள் சொல்வார்களே காலே அரைக்கால், அச்சு அசல் அதேதான். வாடிக்கையாளர்கள் சர்வ சாதாரணமாகக் கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, கால் கிலோவா அரைக் கிலோவா என்று விழிக்க வேண்டாம்.

பில்லில் ஈவா என்று இருப்பது வரி. பொதுவாக 21 சதவீதம், உணவகத்தில் 10, ரொட்டி, பால் போன்றவற்றுக்கு 4. சதவீதத்துக்கு "போர் ஸியென்த்தோ".

7. நேரமும் கெடுவும்

தாளில் 24 மணிக் கணக்கு, வாயில் 12 மணிக் கணக்கு. 09:40 என்று அச்சிட்டிருந்தாலும் வாய்மொழியில் "லாஸ் தியெஸ் மேனோஸ் பெய்ன்த்தே" என்பார்கள். பத்தாவதற்கு இருபது நிமிடம் இருக்கிறது என்று பொருள். தியெஸ், பெய்ன்த்தே இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு 10:20-க்குப் போய் நின்றால் அப்பாய்ன்ட்மென்ட் போச்சு. 'மேனோஸ்' காதில் விழுந்தால் ஒரு மணி பின்னால் போக வேண்டும். அரை மணி 'இ மேதியா', கால் மணி 'இ குவார்த்தோ'. ஒரு மணிக்கு மட்டும் 'லா ஊனா'. 'தார்தே' என்பது நம் சாயங்காலத்தை விட நீளம், இரவு எட்டு மணியைக்கூட "லாஸ் ஓச்சோ தே லா தார்தே" என்பார்கள்.

பேச்சில் "கின்ஸே தீயாஸ்" என்றால் இரண்டு வாரம், "ஓச்சோ தீயாஸ்" என்றால் ஒரு வாரம். ஆனால் அரசாங்கக் கடிதத்தில் எண் எண்தான். அங்கே கவனிக்க வேண்டியது 'தீயாஸ் ஆபிலெஸ்' என்ற சொல்: சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நீங்கலான வேலை நாட்கள். 2015-ஆம் ஆண்டின் 39-ஆம் எண் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, எந்த வகை நாள் என்று குறிப்பிடாவிட்டால் வேலை நாள் என்றே கொள்ள வேண்டும். கடிதம் கிடைத்த மறுநாளிலிருந்து கணக்கு ஆரம்பம். 'நத்துராலெஸ்' என்று எழுதியிருந்தால் எல்லா நாளும் சேரும்.

8. ஆவணங்கள்: ஒரு எண் சீட்டு தயார்செய்யுங்கள்

விமானம் ஏறும் முன்பே ஒரு தாளில் உங்கள் சொந்த எண்களை எழுதி, பக்கத்தில் தமிழில் உச்சரிப்பையும் எழுதிவையுங்கள். ஆயிரம் எண்களைப் படிப்பதை விட இந்த ஏழெட்டு எண்களை உறக்கத்திலும் சொல்லத் தெரிந்திருப்பது பெரிய உதவி.

பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி இரண்டும் முதலில். தேதி நம்மைப் போலவே நாள், மாதம், வருடம்.

அடுத்து நியே, அதாவது வெளிநாட்டவர் அடையாள எண். முதலில் ஒரு எழுத்து, ஏழு இலக்கம், கடைசியில் இன்னோர் எழுத்து. முதல் எழுத்து மூன்றில் ஒன்று: எக்கிஸ், இ க்ரியேகா, ஸேத்தா. எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டு எழுத்தை இங்கிலீஷில் சொல்கிறவர்கள் நிறைய. எழுத்தையும் சேர்த்தே பழகுங்கள். நியே கேட்க எக்ஸ்-15 படிவம், வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு எக்ஸ்-17. கட்டணத்தை 790 படிவம், 012 குறியீட்டில் வங்கியில் கட்டிவிட்டு ரசீதோடு போக வேண்டும். எண்ணுக்கு 10 யூரோவை ஒட்டியும், முதல் அட்டைக்கு 16 யூரோவை ஒட்டியும் ஆகும். விலை அவ்வப்போது மாறும், படிவத்தை நிரப்பும் அன்றைய தொகையைப் பாருங்கள். கைரேகை கொடுத்த பிறகு அட்டை கைக்கு வர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம்.

முகவரியில் தபால் குறியீடு ஐந்து இலக்கம். மாட்ரிட் 28, பார்சிலோனா 08, வலென்சியா 46 என்று தொடங்கும். மாடிக்கு வரிசை எண் வேண்டும்: ப்ரிமேரோ, ஸெகுந்தோ, தெர்ஸேரோ, குவார்த்தோ, கின்த்தோ. இதில் ஸெகுந்தோ மட்டும் 'பந்து' மாதிரியே இளகும். பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கும் ப்ரிமேரோவுக்கும் நடுவில் 'என்த்ரெஸுவேலோ', 'ப்ரின்ஸிப்பால்' என்று இரண்டு தளங்கள் ஒளிந்திருக்கும். லிஃப்ட் இல்லாத வீட்டை "முதல் மாடிதானே" என்று பேசி முடிக்கும் முன் நேரில் போய்ப் படிகளை எண்ணிவிடுங்கள். நகராட்சியில் முகவரியைப் பதிவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை.

வாடகைப் பேச்சுக்கு இரண்டு எண்கள். சட்டப்படி முன்வைப்பு (டெபாசிட்) ஒரு மாத வாடகை. அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதம் கேட்டால், ஐந்தாண்டு வரையிலான வழக்கமான குடியிருப்பு ஒப்பந்தத்தில் இரண்டு மாதத்துக்கு மிகக்கூடாது. 850 யூரோ வீடு என்றால் ஓச்சோஸியென்த்தோஸ் ஸின்க்குவென்த்தா. முதல் மாத வாடகையும் முன்வைப்பும் சேர்த்து மில் ஸெத்தெஸியென்த்தோஸ். தரகர் சொல்லும் தொகை இதற்கு மேல் போனால் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு எண் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 24. இதை வாயால் சொல்லவே சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள்.

கையால் எழுதும்போது இன்னொரு விஷயம். ஸ்பானியர்களின் 1-க்கு மேலே நீளமான கொக்கி இருக்கும், 7-க்கு நடுவில் குறுக்குக்கோடு இருக்கும். அவர்கள் எழுதிய 1 நமக்கு 7 மாதிரித் தெரியும். படிவத்தில் நீங்களும் 7-க்குக் குறுக்குக்கோடு போட்டுப் பழகுங்கள்.

9. காதுக்குப் பயிற்சி, செலவு, காலம்

பணம் கட்டி எண்கள் படிக்கத் தேவையில்லை. மாட்ரிட் உட்படப் பல இடங்களில் பெரியவர்களுக்கான அரசுக் கல்வி மையங்களில் குடியேறியவர்களுக்கு ஸ்பானிஷ் வகுப்பு இலவசமாக நடக்கிறது. அரசு மொழிப் பள்ளிகளில் கட்டணம் தனியார் அகாடமிகளை விடப் பொதுவாகக் குறைவு. இரண்டிலும் சேர்க்கைத் தேதிகளை முன்கூட்டியே விசாரித்துவையுங்கள், அக்டோபரில் போய்க் கதவைத் தட்டினால் இடம் இல்லாமல் போகலாம்.

அதுவரை வானொலி. தேசிய வானொலியில் மணிக்கொரு முறை நேரம் சொல்வார்கள்: "ஸொன் லாஸ் ஓச்சோ, ஊனா ஓரா மேனோஸ் என் கனாரியாஸ்". எட்டு மணி, கேனரித் தீவுகளில் ஒரு மணி நேரம் குறைவு. தினமும் காலையில் கேட்டால் மணிக்கணக்கு தானாக ஒட்டிக்கொள்ளும். ரயில் நிலையத்தில் 'வீயா' என்றால் தண்டவாள எண். அறிவிப்பைக் கேட்டு எழுதிவிட்டுப் பலகையைப் பார்த்துச் சரிபாருங்கள்.

பெரிய விருந்து டிசம்பர் 22-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் லாட்டரிக் குலுக்கலை மாட்ரிட்டில் தெயாத்ரோ ரெயால் அரங்கிலிருந்து நேரலையில் காட்டுவார்கள். சான் இல்தெஃபோன்ஸோ பள்ளிப் பிள்ளைகள் ஐந்து இலக்க எண்களை ஒவ்வொன்றாகப் பாடுவார்கள், பதிலுக்குப் பரிசுத் தொகையைப் பாடுவார்கள், காலையிலிருந்து மதியம் தாண்டியும் ஓடும். 2024-இல் பெரிய பரிசு விழுந்த 72480-ஐ ஸெத்தென்த்தா இ தோஸ் மில் குவாத்ரோஸியென்த்தோஸ் ஓச்சென்த்தா என்று பாடினார்கள். எண் திரையில் தோன்றும் முன் தாளில் எழுத முடிந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள். பழைய குலுக்கல்களின் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, டிசம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு தெஸிமோ (முழுச் சீட்டில் பத்தில் ஒரு பங்கு) 20 யூரோ, அது கல்விச் செலவில் சேராது.

தினம் கால் மணி நேரம், அதிலும் பாதிக்கு மேல் கேட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டால், மூன்று நான்கு வாரத்தில் போன் நம்பர் பிடிபட்டுவிடும். நூறுகளுக்கும் வருடங்களுக்கும் இன்னும் கொஞ்சம் ஆகும்.

10. வேறு ஊர்களுக்குப் போகிறவர்களுக்கு

பார்சிலோனாவில் அறிவிப்புகள் முதலில் அந்தப் பகுதியின் கதலான் மொழியில் வரும். அங்கே 8, 9 எல்லாம் வேறு சொற்கள். "என் காஸ்த்தெய்யானோ, போர் ஃபவோர்" என்றால் ஸ்பானிஷில் சொல்வார்கள்.

லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு எண்கள் இவையேதான், பழக்கம்தான் மாறும். 9:40-ஐ அங்கே பல நாடுகளில் "பெய்ன்த்தே பாரா லாஸ் தியெஸ்" என்பார்கள். மாதத்தின் முதல் தேதி ஸ்பெயினில் பெரும்பாலும் 'ஊனோ', அங்கே 'ப்ரிமேரோ'. மெக்சிகோவில் புள்ளியும் கமாவும் நம் ஊர்ப் பழக்கத்தையே ஒட்டியவை: ஆயிரத்துக்குக் கமா, சில்லறைக்குப் புள்ளி. ஸ்பெயினிலிருந்து மெக்சிகோ அலுவலகத்துக்குக் கணக்கு அனுப்புகிறவர்கள் எக்செல் கோப்பின் மொழி அமைப்பை முதலில் பாருங்கள், 1.200 என்பது அங்கே ஒன்றும் சொச்சமும் ஆகிவிடும்.